முள்ளோடை எல்லையிலிருந்து விஜய் கேல்கர் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய திரு. விஜய் கேல்கர் அவர்களுக்கு,

வணக்கம். புனேயில் வாழும் தங்களை இந்தத் தமிழ்க் கடிதம் எட்டுவது அரிது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இரும்புக் கம்பியும் தகடும் விற்கும் மொத்தக்கடை ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். தாங்கள் அமர்ந்த நாற்காலிகள் எவையும் என் போன்றவன் எட்டிப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தவை அல்ல. ஆயினும் என் பேரேட்டை மாற்றி எழுத வைத்த சரக்கு மற்றும் சேவை வரிக்கு (ஜி.எஸ்.டி.) வரைபடம் போட்டவர்களில் தாங்கள் முதன்மையானவர்.

அந்தப் பேரேட்டின் பழைய பக்கங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையிலிருந்து புதுச்சேரிக்குக் கம்பி அனுப்பினால், முள்ளோடை எல்லையைத் தாண்டும் சரக்கு என்பதால் அது வெளிமாநில விற்பனையாகிவிடும். மத்திய விற்பனை வரி என்ற பெயர் இருந்தாலும் அதை வசூலித்து வைத்துக்கொள்வது தமிழ்நாடு. அங்கே வாங்கும் வியாபாரி அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், அது அடக்கவிலையோடு சேர்ந்து, அதன்மேல் மறுபடியும் வரி விழும். 4 சதவீதமாகவும் 2008க்குப் பின் 2 சதவீதமாகவும் இருந்த சலுகை விகிதம் வேண்டுமென்றால், வாங்கியவர் ‘சி ஃபார்ம்’ என்ற சான்றுத் தாளைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சலுகை போய், கூடுதல் வரி எங்கள் தலையில். அரை மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கும் ஊரிலிருந்து அந்த ஒற்றைத் தாளை வாங்க நான் மாதக்கணக்கில் நடந்திருக்கிறேன். எதிர்த்திசையில், புதுச்சேரியில் வரி குறைவு என்பதற்காகவே குளிர்சாதனப் பெட்டியும் மிக்சியும் வாங்க அங்கே போன கடலூர்க் குடும்பங்கள் எத்தனையோ.

தாங்கள் 1963இல் புனே பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று, மின்னசோட்டாவில் மேற்படிப்பு முடித்து, 1970இல் பெர்க்லியில் பொருளாதார முனைவரானீர்கள். காத்மாண்டுவில் ஆசிரியப் பணி, வணிக அமைச்சகத்தில் பொருளாதார ஆலோசகர் பதவி, ஜெனீவாவில் ஐ.நா. பணி, பெட்ரோலியத் துறைச் செயலாளர், 1998இல் நிதிச் செயலாளர், பிறகு பன்னாட்டு நிதியத்தில் செயல் இயக்குநர் என்று, ஐ.ஏ.எஸ். அதிகாரிகளே வழக்கமாக வந்து சேரும் இடங்களுக்கு வகுப்பறையின் வழியே வந்து சேர்ந்தீர்கள். தேசியப் பங்குச் சந்தைக்கும் ஐ.டி.எஃப்.சி. நிறுவனத்துக்கும் தலைவராக இருந்ததைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. பங்குப் பத்திரம் எதுவும் என் கையில் தங்கியதில்லை.

என்னைக் கவர்ந்தது பதவிகளின் நீளமன்று. அறை மாறியபோதெல்லாம் ஒரே வரைபடத்தைத் தாங்கள் கையில் எடுத்துச் சென்றதே. 2002இல் மறைமுக வரிகளைப் பற்றிய பணிக்குழு, 2004இல் சரக்கு மற்றும் சேவை வரியைப் பரிந்துரைத்த நிதிப் பொறுப்புச் சட்டப் பணிக்குழு, மத்திய வரிகளை மாநிலங்களோடு பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவில், பதின்மூன்றாவதின் தலைவராக 2009 டிசம்பரில் அளித்த அறிக்கை என்று அந்த வரைபடம் தெளிவடைந்துகொண்டே வந்தது. கடைசியில் சொன்னது மத்திய அரசுக்கு 5, மாநிலத்துக்கு 7, ஆக மொத்தம் 12 சதவீதம் என்ற ஒற்றை விகிதம். மாநிலங்களின் இழப்பை ஈடுசெய்ய 50,000 கோடி ரூபாய். 2017 ஜூலை 1ஆம் தேதி கட்டி முடித்தபோது அது 5, 12, 18, 28 என்று நான்கு மாடிக் கட்டடமாக நின்றது. வரைந்தவருக்கு அதைப் பார்த்து என்ன தோன்றியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. ஆனாலும் சி ஃபார்ம் ஒழிந்தது. இன்று எங்கள் கடையின் கம்பிக்குப் போடும், மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஒருங்கிணைந்த வரியைப் (ஐ.ஜி.எஸ்.டி.) புதுச்சேரி வியாபாரி முழுவதுமாகக் கழித்துக்கொள்கிறார், வரிப்பங்கும் சரக்கு பயன்படும் ஊருக்கே போகிறது. என் தொழிலில் இதைவிடப் பெரிய மாற்றத்தை நான் கண்டதில்லை.

எல்லை முழுவதும் மறைந்துவிடவும் இல்லை. பெட்ரோல், டீசல், மது மூன்றும் இந்த வரிக்கு வெளியே நிற்பதால், கடலூர் வண்டிகள் இப்போதும் முள்ளோடையில் தொட்டியை நிரப்பிக்கொண்டு திரும்புகின்றன. ஆல்பேட்டை செக்போஸ்டில் இப்போதும் பைகளைத் திறந்து புட்டி தேடுகிறார்கள். பெட்ரோலியத் துறையையும் நிதித் துறையையும் ஆண்டவர் தாங்கள் என்பதால் இந்தக் காட்சி தங்களுக்குப் பிடிக்காது என்றே நினைக்கிறேன்.

நான் கேட்க வந்தது வேறு. அரசியல் சட்டத்தின் 366ஆம் உறுப்பு, இந்த வரியைப் பொறுத்தவரை சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதியையும் ‘மாநிலம்’ என்றே கொள்கிறது. அதனால் இந்த வரியின் விகிதங்களைப் பரிந்துரைக்கும் ஜி.எஸ்.டி. மன்றத்தில் புதுச்சேரி அமைச்சர் தமிழ்நாட்டு அமைச்சருக்குச் சமமாக அமர்கிறார். நிதிக்குழுவைப் பற்றிய 280ஆம் உறுப்போ மாநிலங்களை மட்டுமே பேசுகிறது. எனவே மத்திய வரிகளைப் பங்கிடும்போது அதே புதுச்சேரி கணக்கிலேயே வருவதில்லை, உள்துறை அமைச்சகம் தரும் மானியத்துக்குக் காத்திருக்கிறது. தங்கள் குழு அமைக்கப்பட்ட அதே 2007இல்தான் புதுச்சேரி அரசின் பணத்துக்கென்று மத்திய அரசிலிருந்து பிரிந்த தனிப் பொதுக்கணக்கு தொடங்கப்பட்டு, சொந்தமாகக் கடன் வாங்கும் பொறுப்பும் அதன்மேல் வந்தது. மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கைத் தங்கள் குழு 32 சதவீதமாக உயர்த்தியபோது, வரி விதிக்கும் இடத்தில் மாநிலமாகவும் பங்கு கேட்கும் இடத்தில் வேறொன்றாகவும் நிற்கப்போகும் இந்தச் சிறு பகுதியைத் தங்கள் வரைபடத்தில் எங்கே வைத்திருப்பீர்கள்?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.