திருகோணமலை நிலாவெளி பஸ்ஸில பக்கத்தில இருந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, இத யாரும் உனக்கு அனுப்பினா உன்ர போனில திறக்காத, உன்ர போன அவர் வேவு பாக்கிறார் போல கிடக்கு. அம்மான்ர போனிலயோ கூட்டாளின்ர போனிலயோ வாசி.

உன்ர பேர் எனக்குத் தெரியாது. நாளையும் நேரத்தையும் நீ போட்டிருந்த உடுப்பையும் வேணுமெண்டுதான் எழுதாம விடுறன். நீ யன்னல் பக்கம் இருந்தாய், ரெண்டு தரம் போனத் தூக்கி யன்னலப் படமெடுத்து அனுப்பினாய், நானும் வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்குக் கடல் காட்டுறாய் எண்டுதான் நினைச்சன். பிறகு கோல் வந்துது. "பஸ்ஸிலதான் இருக்கிறன், இன்னும் சாம்பல்தீவு வரேல்ல" எண்டு மெதுவாச் சொன்னாய், அங்கால என்ன சொன்னானோ தெரியாது, உன்ர முகம் வெளிறிப் போச்சு. போன மடியில வச்சிட்டு யன்னலப் பாத்தபடி சொன்னாய், "பாலம் தாண்டிட்டனாம். இவருக்கு எப்பிடித் தெரியும்?"

அண்டைக்கு நான் வாய் திறக்கேல்ல. அது இன்னும் நெஞ்சுக்க கிடந்து உறுத்துது, அதுதான் இப்ப எழுதுறன்.

நீ எங்க நிக்கிறாய் எண்டு அவருக்குத் தெரியிறதில மந்திரமும் இல்ல, பெரிய ஹேக்கிங்கும் இல்ல. உன்ர போன் லொக் நம்பரும், நீ குளிக்கப் போற அந்த அஞ்சு நிமிசமும் காணும். கூகிள் மெப்ஸில லொகேஷன் ஷெயரிங்க "நிப்பாட்டும் வரைக்கும்" எண்டு ஒருக்கா போட்டு விட்டா அது நாள்க்கணக்கா ஓடிக்கொண்டே இருக்கும். இல்லாட்டி அந்த போன வாங்கித் தந்து ஈமெயிலத் திறந்து தந்ததும் அவர்தான் எண்டா, பாஸ்வேர்ட் அவரிட்ட இருக்கும், தொலைஞ்ச போனத் தேடுற வசதியாலயே நீ எங்க நிக்கிறாய் எண்டு பாக்கலாம்.

எனக்கு நடந்தது வட்சப்பில. அடுப்பில சோறு கொதிக்குது, சும்மா செட்டிங்ஸ நோண்டிக்கொண்டு போனா லிங்க்ட் டிவைசஸ் எண்ட இடத்தில ஒரு வரி கிடக்கு, விண்டோஸ் எண்டு, கடைசியாப் பாவிச்சது முதல்நாள் இரவு 11.42. எங்கட வீட்டில கொம்பியூட்டரே இல்ல. நான் அக்காவோட கதைச்சது, அழுது வொய்ஸ் போட்டது எல்லாம் ஒருத்தன் எங்கயோ இருந்து ஒண்டும் விடாமப் பாத்திருக்கிறான். கை நடுங்க நடுங்க அண்டிரவே எல்லாத்தையும் லொக் அவுட் பண்ணி பாஸ்வேர்டுகளயும் மாத்திட்டுப் படுத்தன். விடிய ஆறு மணிக்கு கேற்றடியில வந்து நிண்டான்.

அதாலதான் சொல்லுறன், அவசரப்பட்டு ஒண்டையும் நிப்பாட்டாத. நிப்பாட்டின உடன அவனுக்கு விளங்கிடும், அந்த நேரம்தான் ஆபத்து கூட. முதல்ல எங்க போய் நிக்கிறது, யார் கூட இருப்பினம் எண்டத முடிவெடு. அதுவரைக்கும் அந்த போன் இருக்கிற மாதிரியே இருக்கட்டும், வேவு பாக்கிற ஆப் ஏதும் போட்டிருந்தா நீ கூகிள்ல தேடுறதும் அவனுக்குத் தெரியும். வேற போனில இருந்து புது ஈமெயில் ஒண்டு திற, மீட்கிற நம்பரா அவன்ர நம்பரக் குடுக்காத. உன்ர சிம் யாற்ற ஐசியில, அடையாள அட்டையில, எடுத்தது எண்டும் யோசிச்சுப் பார். அவன்ர பேரில எண்டா, சிம் துலைஞ்சு போச்சு எண்டு சொல்லி அதே நம்பருக்கு அவனால வேற சிம் எடுக்கலாம், பிறகு உனக்கு வாற கோட் எல்லாம் அவனுக்குத்தான் போகும். உன்ர ஐசியில ஒரு சிம் எடுத்து வை. ரீலோட் கடையில கொப்பியில நம்பர் எழுதிற பழக்கம் இருக்குதானே, அந்தப் புது நம்பர அங்க எழுதாத, கார்ட் வாங்கிப் போடு.

அவன் அனுப்புற மிரட்டல் மெசேஜுகள அழிக்க மனம் வரும், அழிக்காத. நம்பர், திகதி, நேரம் தெரியிற மாதிரி இன்னொரு போனால படமெடுத்து நம்பின ஒராளிட்டக் குடுத்து வை.

உன்ர அந்தரங்கப் படத்த நெட்டில போடுவன் எண்டு வெருட்டுறானா? ஸ்டொப் என்சிஐஐ (StopNCII.org) எண்டு ஒரு தளம் இருக்கு, 18 வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு. படம் உன்ர போன விட்டு வெளிய போகாது, அதின்ர டிஜிட்டல் கைரேகை மட்டும்தான் போகும், பேஸ்புக், இன்ஸ்டாகிராமில அதே படத்த ஏத்தினா பிடிச்சு மறிப்பினம்.

"சந்தேகம் பாசத்தால வாறது, குடும்பமெண்டா அப்பிடித்தான்" எண்டு சொல்லுற ஆக்கள் நிறைய. நான் அத ஏற்கமாட்டன். இலங்கையின்ர 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிய மட்டும் சொல்லேல்ல, பாரதூரமான மனச் சித்திரவதையும் அதுக்குள்ள வரும். புருசன், பழைய புருசன், சேர்ந்து வாழ்ந்தவன் எண்டா நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம். விசாரணைக்கு முதலே இடைக்காலக் கட்டளை தரலாம், பிறகு தாற கட்டளை 12 மாசம் வரைக்கும் இருக்கலாம். வெறும் காதலன் எண்டா அந்தச் சட்டத்துக்குள்ள வராது, ஆனா அனுமதியில்லாம உன்ர கணக்குக்குள்ள போறது 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தில குற்றம்தான். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் சிறுவர் மகளிர் பிரிவு 109. உன்ர போனால எடுக்காத, கோல் லிஸ்டில கிடக்கும்.

திரும்பவும் பஸ்ஸில கண்டா பக்கத்தில வந்து இரு தங்கச்சி, ஒண்டும் சொல்ல வேணாம். என்ர போன உன்ர கையில தாறன், டவுன் வரமட்டும் வச்சிரு, ஆரோட கதைக்க வேணுமோ கதை.