பச்சிளங்குழந்தைக்கும் பக்கவாதம் வரும்: சுங்கை சிப்புட் வட்டாரக் கிளினிக்குகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, தாதியர்களே,

பிரசவம் முடிந்த தாயைப் பார்க்கத் தோட்ட வீடுகளுக்குப் போகிறீர்கள். மஞ்சள் காமாலை, தொப்புள், எடை எல்லாம் பார்க்கிறீர்கள். பிள்ளைக்கு ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறதா என்றும் தயவுசெய்து கேளுங்கள்.

சில ஆயிரம் பிரசவங்களில் ஒன்றில், பிறந்த குழந்தையின் மூளைத் தமனி அடைபடுகிறது, இடப்பக்கம்தான் அதிகம். நிறைமாதத்தில் பிறந்து நன்றாகப் பால் குடித்த பிள்ளையாகவும் இருக்கலாம். பெரியவர்களைப் போல வாய் கோணாது, கை தொங்காது. பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் வலிப்புதான் வரும். வீட்டில் "கனவு காண்கிறான்" என்பார்கள். துடிக்கும் கையை மெதுவாகப் பிடியுங்கள். வெறும் நடுக்கம் அடங்கிவிடும்; வலிப்பு உங்கள் உள்ளங்கைக்குள்ளும் துடித்துக்கொண்டே இருக்கும். உடனே சர்க்கரை பாருங்கள். லிட்டருக்கு 2.6 மில்லிமோலுக்குக் குறைந்தால் சரிசெய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

மருத்துவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். உச்சிக்குழி வழியே எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சரியாக இருப்பதால் பக்கவாதம் இல்லை என்று ஆகாது. மூளையின் ஓரப் பகுதி அதில் சரியாகத் தெரியாது. முதல் ஓரிரு நாளில் அடைப்பின் பாதிப்பு பெரும்பாலும் பிடிபடாது. எம்.ஆர்.ஐ., அதிலும் மூளைத் திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் படம் வேண்டும். புதிய பாதிப்பு அதில் வெள்ளையாகவும், அதோடு சேர்ந்து வரும், நீர் நகரும் அளவைக் காட்டும் ஏடிசி படத்தில் கறுப்பாகவும் தெரியும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை மிகத் தெளிவு. ஒரு வாரம் கடந்தால் அந்த வெளுப்பு மங்கி, மூளை நன்றாக இருப்பதுபோலவே காட்டிவிடும். "அடுத்த மாதம் தேதி" என்பது அதனால்தான் பயன்படாது. மயக்க மருந்துக்குப் பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம்: வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதை மூடினால் பல குழந்தைகள் தூங்கிவிடும். கை கால் அசைவுக்கான நரம்புப் பாதையும் அந்தப் படத்தில் வெளுத்திருந்தால், உடலின் எதிர்ப்பக்கம் பலவீனமாகும் வாய்ப்பு அதிகம்.

வலிப்பே வராமல் தப்பிப்போகும் பிள்ளைகளும் உண்டு. ஐந்தாறு மாதத்தில் ஒரு கை மட்டும் எப்போதும் மூடியிருக்கும், பொம்மைக்கு மறுகையே நீளும். பாட்டி "இடக்கைக்காரன்" என்று மகிழ்வார். ஒரு வயதுக்கு முன் கைப் பழக்கம் வருவது இயல்பல்ல. தடுப்பூசிக்கு வரும்போது இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் படத்துக்குக் காத்திராமல் உடற்பயிற்சி சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

தாய்க்கும் ஒன்று சொல்லுங்கள்: அவர் சாப்பிட்டதாலோ வேலைக்குப் போனதாலோ இது வரவில்லை. பல நேரம் காரணமே தெரிவதில்லை. அடுத்த பிள்ளைக்கும் வருவது மிக அரிது.

அனுப்பும் கடிதத்தில் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதுங்கள். கைப்பேசியில் எடுத்த வீடியோ இருந்தால் அதையும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.