கணக்கு எண்ணைக் கூட்டிப் பார்க்கப் போகிறோமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உதவித்தொகை வரவில்லை, ஓய்வூதியம் நின்றுவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம், 'கம்ப்யூட்டர் கோளாறு' என்று அதிகாரிகள் சொன்னதாகக் கடைசியில் ஒரு வரியும் வந்துவிடுகிறது. மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்துகிற எனக்கு அந்த வரி உறுத்துகிறது. நான் பார்த்த வரையில் கம்ப்யூட்டர் சொன்ன வேலையைத்தான் செய்திருக்கும். ஒரு வகைத் தகவலை இன்னொரு வகையாக மாற்றும்போது, மாறி வந்தது சரிதானா என்று பார்க்கச் சொல்லி அதற்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பள்ளியில் நடந்ததையே சொல்கிறேன். உதவித்தொகைக்காக மாணவிகளின் வங்கி விவரங்களைத் துறையிலிருந்து எக்செல் பட்டியலாகக் கேட்டார்கள். பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் அனுப்பினோம். பல பேருக்குப் பணம் போகவில்லை. "பெற்றோர் தப்பான நம்பர் கொடுத்திருக்கிறார்கள்" என்று பதில் வந்தது. அவர்கள் திருப்பி அனுப்பிய பட்டியலைத் திறந்தால் விஷயம் கண்ணுக்கு நேராகவே இருந்தது. பூஜ்ஜியத்தில் தொடங்கும் கணக்கு எண்களில் முன்னால் இருந்த பூஜ்ஜியம் ஒன்றுகூட இல்லை. 16 இலக்க எண்கள் அத்தனையும் பூஜ்ஜியத்தில் முடிந்தன. நடுவில் யாரோ அதை சி.எஸ்.வி. கோப்பாக்கி (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு), எக்செல்லில் திறந்து, அப்படியே சேமித்திருக்கிறார்கள். எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டது. எண் என்றால் முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை. 15 இலக்கத்துக்கு மேல் அது நினைவில் வைக்காது, 16-வது இலக்கம் எதுவாக இருந்தாலும் பூஜ்ஜியம்தான். ஒரு பத்தி முழுக்க 0-வில் முடிகிறதே என்று மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பாவம், பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கும் வங்கிக்கும் அலைந்தது அந்த அம்மாக்கள்தான்.

வங்கிக் கணக்கு எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. ஆதார், கைப்பேசி எண், பின்கோடு எல்லாம் அப்படித்தான். இவற்றை எண் வகையில் போடாமல் எழுத்து (டெக்ஸ்ட்) வகையாகவே வைத்திருந்தால் பாதிச் சிக்கல் வராது.

பிறந்த தேதியில் நடப்பது இதைவிட மோசம். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் 05/06/2009 என்று கொடுத்தால் அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 25/06/2009 என்றால் 25-வது மாதம் கிடையாதே, அதனால் தேதியாக்காமல் எழுத்தாகவே விட்டுவிடும். ஆக, 12-ம் தேதிக்குள் பிறந்தவர்களுக்கு நாளும் மாதமும் இடம் மாறும், மற்றவர்களுக்கு மாறாது. பாதிப் பட்டியல் சரியாக இருப்பதால் மீதியும் சரி என்று நம்பிவிடுகிறோம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இன மாற்றம், அதாவது ஒரு வகைத் தகவலை இன்னொரு வகையாக்குவது, நடத்தும்போது பைத்தான் என்ற நிரல் மொழியில் இதையெல்லாம் செய்து காட்டுவேன். '௧௨' என்று தமிழ் எண்ணில் கொடுத்தால் பைத்தான் 12 என்று வாங்கிக்கொள்ளும், பத்தைக் குறிக்கும் '௰' கொடுத்தால் மறுத்துவிடும். வகுப்பே கைதட்டும் இடம் அது. 'அப்சென்ட்' என்ற சொல்லை எண்ணாக மாற்றச் சொன்னால் 'வேல்யூ எரர்' (மதிப்பு தவறு) என்று நின்றுவிடும். அதுதான் நல்லது. சி++ என்ற இன்னொரு நிரல் மொழியில் புழங்கும் பழைய செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்று, அதே சொல்லுக்குச் சத்தமே போடாமல் 0 என்று தரும். மதிப்பெண் பட்டியலில் தேர்வுக்கு வராதவளும் சைபர் வாங்கியவளும் ஒன்றாகிவிடுவார்கள். சரி, பைத்தான்தான் கத்துகிறதே என்றால், பிழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் 'எக்செப்ட்' கட்டளையைப் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இது நம் ஊர்க் குமாஸ்தா வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதல் முறையாகப் புறப்பட்ட ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் 40 வினாடிக்குள் சிதறியது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை, 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றினார்கள். 16 பிட்டில் 32,767-க்கு மேல் இடம் கிடையாது. நிரல் முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-க்காக எழுதியது, அதில் அந்த மதிப்பு அவ்வளவு உயரவே உயராது. புது ராக்கெட்டின் வேகம் வேறு. விசாரணை அறிக்கையில் என்னை யோசிக்க வைத்தது ஒரு விவரம். இப்படி மாற்றப்படும் 7 மதிப்புகளில் 4-க்குப் பாதுகாப்பு போட்டிருந்தார்கள். கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் மீதி 3-ஐ, இவை எல்லை மீறாது என்று யோசித்தே விட்டிருக்கிறார்கள். மாற்று ஏற்பாடாக இன்னொரு கணினி இருந்ததே என்றால், அதிலும் அதே நிரல். அது 72 மில்லி வினாடி முன்னதாகவே படுத்துவிட்டது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு, ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. அதில் போன 'கிளஸ்டர்' என்ற நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன.

ராக்கெட்டுக்கு விசாரணைக் குழு அமைத்து அறிக்கையும் வெளியிட்டார்கள். உதவித்தொகைப் பட்டியலுக்கு அப்படி யாரும் கேட்கப் போவதில்லை.

சரிபார்க்க வழி இல்லாமலும் இல்லை. ஆதாரின் 12-வது இலக்கமே மற்ற 11 இலக்கங்களை வைத்துக் கணக்கிட்டுப் போடுவதுதான். ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் உடனே காட்டிக்கொடுக்கும். வங்கிக் கிளையைக் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்ஜியம். அங்கே ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டிவிடுகிறவர்கள் நிறைய. நிரலில் ஒரு வரி எழுதினால் பிடித்துவிடலாம். வங்கிக் கணக்கு எண்தான் வங்கிக்கு வங்கி நீளம் மாறும், அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். எக்செல்லும் தானாக எண்ணாக்குவதை நிறுத்தி வைக்க 2023-ல் வசதி கொடுத்துவிட்டது.

அதனால் பட்டியல் கேட்கும் துறைகளுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். மென்பொருளுக்கு ஒப்பந்தம் போடும்போதே இதையும் எழுதி வாங்குங்கள்: எத்தனை வரி உள்ளே வந்தது, எத்தனை வரி மாறியது, எந்த வரி ஏன் நின்றது என்று நிரல் சொல்ல வேண்டும். மாறாத இடத்தில் பூஜ்ஜியம் போட்டு நிரப்பக் கூடாது. நின்றுபோன வரிகளின் பட்டியலை அன்றைக்கே பள்ளிக்கு அனுப்பிவிட்டால், பாஸ்புக்கைப் பார்த்து மறுநாளே திருத்தித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியை ஒருவர்,
கோவில்பட்டி.