ஆண்டறிக்கை 2025–26: ஒரே தீர்க்கக்கோட்டில் இரண்டு பள்ளிக்கூடங்கள்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் வடைக்கும் டீக்கும் காத்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை தென்காசியில் நம் மன்றம் செய்த வேலைகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு ஒழுங்காகக் கூடியது. நூலகத்துக்குப் புது அலமாரி வந்தது. கோடை வாசிப்பு முகாம் வழக்கம்போல் நடந்தது. சதுரங்கப் போட்டிக்கு இந்த ஆண்டும் நடுவர் தாமதமாகத்தான் வந்தார். இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அறிக்கையில் பெரும்பகுதி ஒரே ஒரு வேலையைப் பற்றியது. வெளிநாட்டுப் பள்ளிகளோடு நம் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டம் அது. சென்ற பொதுக்குழுவில் அதிக நேரம் வாக்குவாதம் நடந்ததும் அதைப் பற்றித்தான்.

வாக்குவாதத்தில் நியாயம் இருந்தது. முந்தைய ஆண்டு ஒரு வெளிநாட்டுப் பள்ளியோடு வீடியோ அழைப்பு ஏற்பாடு செய்தோம். இங்கே வரிசையாக நின்று பாட்டுப் பாடினோம். அங்கே அவர்கள் கொடி ஆட்டினார்கள். இரண்டு பக்கமும் "கேட்குதா, கேட்குதா" என்று கத்தியதில் பாதி நேரம் போயிற்று. புகைப்படம் நன்றாக வந்தது, அவ்வளவுதான். அடுத்த வாரம் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பெயராவது நினைவிருக்கிறதா என்று கேட்டால் யாருக்கும் இல்லை. அதனால் இந்த ஆண்டு செயற்குழு ஒரு முடிவெடுத்தது. சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால்தான் அழைப்பு. அதுவும் ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் முடிக்க முடியாத வேலையாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் நமக்கே உதித்த யோசனையா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இல்லை. நூறு ஆண்டுப் பழக்கம் இது. பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற கிராமத்து ஆசிரியர் 1920களிலேயே வகுப்பறைக்குள் சின்ன அச்சு இயந்திரம் வைத்து, பிள்ளைகள் எழுதியதை அவர்களையே அச்சடிக்கச் சொல்லி, தூரத்துப் பள்ளிகளோடு மாற்றிக்கொண்டவர். கணினி வந்த பிறகு, 1988இல், நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் இணைத்தார்கள். பனிப்போர் முழுசாக முடியாத நேரம் அது. அந்த முயற்சி வளர்ந்து ஐஎர்ன் என்ற பெயரில் 1994இல் அமைப்பாக உருவெடுத்தது. இன்று நூறு நாடுகளுக்கு மேல் அதில் இருக்கின்றன. 1995இல் தொடங்கிய குளோப் திட்டத்தில் பல நாட்டுப் பிள்ளைகள் மழையையும் வெப்பத்தையும் அளந்து அனுப்ப, அதை விஞ்ஞானிகளும் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பாவில் 2005 முதல் இ-ட்வின்னிங் நடக்கிறது. இவற்றில் நிலைத்து நின்றவை எல்லாவற்றிலும் பிள்ளைகள் கையில் ஒரு வேலை இருந்தது.

நாம் எடுத்துக்கொண்ட வேலை, நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிப்பது. எகிப்தில் எரட்டோஸ்தனீஸ் 2200 ஆண்டுகளுக்கு முன் செய்தது. தெற்கே சயீனில் (இன்றைய அஸ்வான்) நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாளில் வடக்கே அலெக்சாண்டிரியாவில் அது 7.2 டிகிரி சாய்ந்திருந்தது. 7.2 என்பது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமி. இன்று உலகம் முழுக்கப் பள்ளிகள் ஜோடி சேர்ந்து இதைச் செய்து பார்க்கின்றன. ஜோடி ஊர் நமக்கு நேர் வடக்கிலோ நேர் தெற்கிலோ, முடிந்தவரை தள்ளி இருந்தால் நல்லது.

தென்காசியிலிருந்து மேப்பில் நேர் வடக்கே விரலை நகர்த்துங்கள். திருப்பூர், பெங்களூருக்குச் சற்று மேற்கே, டெல்லி, காரகோரம், யார்கண்ட், தியான் ஷான் மலை, அதைத் தாண்டியதும் கஜகஸ்தானின் அல்மாட்டி. நம் தீர்க்கரேகை 77.3, அவர்களுடையது 76.9. இதைவிடப் பொருத்தமாக ஓர் ஊர் கேட்டு வாங்க முடியாது. அது மட்டுமல்ல, தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பிள்ளைகள் அங்கே மருத்துவம் படிக்கிறார்கள். நம் ஊர்ப் பெண் ஒருத்தியும் அங்கேதான் நான்காம் ஆண்டு. அவர் தன் விடுதிக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்குப் போய், இயற்பியல் ஆசிரியையிடம் பேசி, சம்மதம் வாங்கிக் கொடுத்தார். ரஷ்ய மொழியில் வந்த கடிதங்களையெல்லாம் தமிழாக்கி அனுப்பியதும் அவர்தான். பிள்ளைகளுக்கு அவர் இப்போது "அல்மாட்டி அக்கா".

நேர வித்தியாசம் அரை மணிதான் என்பது இன்னொரு வசதி. ஆனால் தேதி சிக்கியது. உலகப் பள்ளிகள் எல்லாம் வழக்கமாக இந்த அளவையைப் பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில் செய்கின்றன. மார்ச்சில் நமக்கு ஆண்டுத்தேர்வு நெருக்கடி. அவர்களுக்கு நௌரிஸ் என்ற வசந்தகாலப் புத்தாண்டு விடுமுறை. செப்டம்பரில் நமக்குக் காலாண்டுத் தேர்வு. ஒரு வழியாகத் தலைமையாசிரியர், அன்று தேர்வு இல்லாத வகுப்புப் பிள்ளைகளை நண்பகலில் மைதானத்துக்கு விடச் சம்மதித்தார். மேலிடத்தில் அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் அளவை முடிந்த பிறகு வந்தது. அதையும் கோப்பில் வைத்திருக்கிறோம்.

ஒத்திகைக்கு ஆகஸ்ட் கடைசியில் ஒரு நல்ல நாள் கிடைத்தது. அப்போது தென்காசியில் நிழலில்லா நாள். நண்பகலில் நேராக நிற்கும் கம்புக்கு நிழலே விழக் கூடாது. விழுந்தால் கம்பு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். விழுந்தது. ஒரு மீட்டர் அலுமினியக் குழாயை மணல் வாளியில் நட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த நம் உறுப்பினரான கொத்தனார் அண்ணாச்சி, "கண்ணால பாத்தா நேராத்தான் தெரியும்லே, குண்டைத் தொங்கவிடு" என்று தன் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் கொண்டுவந்தார். பலகைக்கு அடியில் அட்டைத் துண்டு செருகி மட்டம் பார்த்தார். நூலோடு குழாய் ஒட்டி நிற்கும்வரை விடவில்லை. அன்றிலிருந்து எந்த அளவைக்கும் அவர் இல்லாமல் பிள்ளைகள் போவதில்லை.

செப்டம்பர் 22ஆம் தேதி மேகம் ஏமாற்றியது. 23ஆம் தேதி வெயில் சுள்ளென்று அடித்தது. உச்சிப்பொழுது கடிகாரத்தின் 12 மணிக்கு வராது என்பதே பலருக்கும் புதுச் செய்தி. நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு. நம் ஊர் அதற்கு மேற்கே இருப்பதால் அன்று சூரியன் உச்சிக்கு வந்தது 12.13 வாக்கில். அதனால் 11.45 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைக் குறித்து, அதில் குட்டையானதை எடுத்தார்கள். அல்மாட்டியில் சூரியன் உச்சிக்கு வந்தபோது அவர்கள் கடிகாரம் 11.45 காட்டியது.

நம் நிழல் 16.2 சென்டிமீட்டர், அவர்கள் நிழல் 94. ஒரு மீட்டர் கம்புக்கு இவ்வளவு நிழல் என்றால், சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்திருந்த கோணம் நமக்கு 9.20 டிகிரி, அவர்களுக்கு 43.23. வித்தியாசம் 34.03 டிகிரி. இரண்டு ஊருக்கும் இடையே 3810 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் சுற்றளவு சுமார் 40,300 கிலோமீட்டர். துருவம் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008. குழாய்க்கும் டேப்புக்கும் இது நல்ல விடைதான்.

பிள்ளைகள் இத்தோடு விட்டுவிடவில்லை. எனக்குப் பிடித்ததே இதற்கு அப்புறம் நடந்ததுதான். நிழலின் நுனி கோடு போட்டமாதிரி முடிவதில்லை. சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் நுனி மங்கிக்கொண்டே போகும். நம் ஊரில் அந்த மங்கல் ஒரு சென்டிமீட்டர்போல இருக்கும். சூரியன் சாய்ந்திருக்கும் அல்மாட்டியில் இரண்டு சென்டிமீட்டரை நெருங்கும். நம்மவர்கள் மங்கலின் நடுவைக் குறித்தார்கள். அவர்கள் கறுப்பு முடியும் இடத்தைக் குறித்தார்கள். இது தெரிந்ததும் கடிதப் போர்தான். எங்கே குறித்தால் சரி, ஏன் சரி என்று படம் வரைந்து எழுதினார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் எழுதிய மூன்று பக்கக் கடிதம் அந்தப் பள்ளியின் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதாம். கடைசியில் அந்த ஆசிரியை ஒரு வழி சொன்னார். குழாயின் உச்சியில் சிறு துளை போட்ட அட்டையை வைத்தால், நிழலுக்கு நடுவே சூரியனின் வட்டமான ஒளிப்பொட்டு விழும். அதன் மையத்தைக் குறித்தால் தகராறு இல்லை. துளை இருக்கும் உயரம்தான் இனிமேல் கம்பின் உயரம்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வி பெரியவர்களையும் மடக்கியது. "3810 கிலோமீட்டர் என்று மேப்பில்தானே எடுத்தோம்? அந்த மேப்பே பூமியின் அளவு தெரிந்து போட்டதுதானே? அப்படியென்றால் நாம் என்ன கண்டுபிடித்தோம்?" நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற நம் துணைத்தலைவர் அதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேசினார். 1802இல் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலைக்கு அருகே, மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் தரையில் அளந்தார். அங்கே தொடங்கி முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்துகொண்டு போனார்கள். குமரிமுனைப் பக்கமிருந்து இமயமலை அடிவாரம் வரை ஏறக்குறைய நம் தீர்க்கரேகையை ஒட்டியே போன அந்த அளவை 1841இல் முடிந்தபோது பொறுப்பில் இருந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். ரஷ்யர்கள் வடக்கிலிருந்து அளந்துகொண்டு வந்தார்கள். 1913இல் பாமிர் மலையில் இரண்டு அளவைகளும் இணைந்தன. ஆக, மேப்பிலுள்ள தூரத்துக்கு அடியில் யாரோ தரையில் போட்ட சங்கிலி இருக்கிறது. அந்தப் பெண் ஓரளவுக்குத்தான் சமாதானமானாள். அல்மாட்டிப் பிள்ளைகளுக்கு இந்த விவரத்தை அவளே எழுதினாள். தங்கள் பக்கத்து அளவையாளர்களைப் பற்றித் தேடி எழுதுவதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி அங்கிருந்து வந்தது. இருவரும் ஒரே தீர்க்கரேகையில், ஒரே நாளில் அளந்தால் சூரியன் எங்கே இருந்தால் என்ன, கழித்தால் அது அடிபட்டுப் போய்விடுமே, பிறகு எதற்குச் செப்டம்பர்? சரியான பேச்சு. தேர்வுக்கும் மேகத்துக்கும் பயப்படத் தேவையே இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்து, அவர்களுடைய குளிர்கால விடுமுறையும் முடிந்து, ஜனவரி 21ஆம் தேதி மறுபடி அளந்தோம். அங்கே பனி. பலகையை மேசைகளின் மேல் நீளமாகப் போட்டுக் கையுறையோடு அளந்தார்கள். இங்கே குடை பிடித்துக்கொண்டு நின்றோம். அவர்கள் அளவு 197 சென்டிமீட்டர், நம் அளவு 55.4. இரண்டுமே செப்டம்பரைவிட எக்கச்சக்கம், ஆனால் கோண வித்தியாசம் 34.10 டிகிரி, சுற்றளவு சுமார் 40,200. வித்தியாசம் அதே முப்பத்துநான்கில் வந்து நின்றதும் மைதானத்தில் எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைய வீடியோ அழைப்பில் யாரும் பாட்டுப் பாடவில்லை. பேச விஷயம் இருந்தது.

பரிசுப் பொட்டலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் அனுப்பிய பனையோலைக் கிலுக்குகள் தபாலில் போய்ச் சேர ரொம்ப நாள் பிடித்தது. அவர்கள் அனுப்பியதை விடுமுறைக்கு வந்த அக்கா கையிலேயே கொண்டுவந்தார். அதில் குர்த் என்ற உலர்ந்த தயிர் உருண்டைகள் இருந்தன. பார்த்தால் சீடை மாதிரி. ஆசையாக வாயில் போட்ட பிள்ளைகளின் முகம் உப்பிலும் புளிப்பிலும் சுருங்கியதைக் கண்டு சிரித்த தலைவர், தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு அமைதியானார்.

பெற்றோர் சிலர் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டார்கள். பிள்ளைகளின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண் எதுவும் அனுப்பப்படவில்லை. எல்லாக் கடிதமும் ஆசிரியர்கள் வழியாகவே போய் வருகிறது. புகைப்படத்துக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்கியிருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுத வைத்தால் ஆங்கிலமாவது வருமே என்றும் ஒரு கோரிக்கை வந்தது. செயற்குழு ஏற்கவில்லை. அவர்களுக்கும் ஆங்கிலம் சொந்த மொழியல்ல. அவரவர் மொழியில் எழுதியதால்தான் மூன்று பக்கக் கடிதங்கள் வந்தன என்பது என் எண்ணமும்கூட.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் பரிந்துரைகள் இவை. புதுப் பள்ளிகளைத் தேடி ஓடாமல் அல்மாட்டியோடேயே இன்னும் ஓராண்டு தொடர வேண்டும். அக்டோபரிலும் ஜனவரியிலும் அளவை; ஆகஸ்ட் நிழலில்லா நாளில் புதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. மைதானத்தின் ஓரத்தில் அசையாத ஒரு சிமெண்டு மேடையும் கம்பும் நிரந்தரமாக அமைக்க வேண்டும். கூலி வாங்காமல் கட்டித்தருவதாகக் கொத்தனார் அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்; சிமெண்டும் கம்பியும் மன்றத்தின் செலவு. அல்மாட்டி அக்கா படிப்பு முடித்து ஊர் திரும்புவதற்குள் ரஷ்ய மொழி தெரிந்த இன்னொருவரைப் பிடித்து வைக்க வேண்டும். அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

மைதானம் தந்த தலைமையாசிரியருக்கும், அறிவியல் ஆசிரியர்களுக்கும், அல்மாட்டியின் இயற்பியல் ஆசிரியைக்கும் மன்றத்தின் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மேடைக்கான செலவுத் தீர்மானத்தோடு சேர்த்து இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்