ஓக் மரத்து நிழலில் ஒரு கரன்ட் செடி

சான் ஹோசே, கலிஃபோர்னியா
புரட்டாசி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, மரத்தடிச் செடி பட்டுப்போய்விட்டதே, தண்ணீர் ஊற்றுவதில்லையா என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அது கரன்ட் (currant) என்ற சிறு பழப்புதர், பட்டுப்போகவில்லை அப்பா. நகத்தால் பட்டையை லேசாகக் கீறினால் உள்ளே ஈரமும் பச்சையும் தெரிகின்றன. கணுக்களில் மொட்டுகள் இறுக மூடிக் காத்திருக்கின்றன. இங்கே மழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை பெய்வதோடு சரி. ஆண்டு முழுவதும் சேர்த்தே சுமார் 15 அங்குலம்தான், கோடையில் ஒரு தூறல் விழுவதுகூட அபூர்வம். இந்தக் கடற்கரைக்கே உரிய இளஞ்சிவப்புப் பூ கரன்ட் அதற்குப் பழகியது. வறட்சி முற்றும்போது இலைகளை உதிர்த்துத் தன் நீரைக் காத்துக்கொள்ளும். மழைக்காலம் வந்ததும் துளிர்க்கும்.

வேர் பிடிக்கும்வரை, முதல் கோடையில் மட்டும் இரு வாரங்களுக்கு ஒருமுறை ஆழமாக நீர் விட்டேன். இப்போது நிறுத்திவிட்டதற்குச் செடியைவிட மரமே பெரிய காரணம். எங்கள் வீட்டைவிட மூத்த அந்த ஓக், கோடையில் அடிமண் காய்ந்து கிடப்பதற்கே பழகியது. வெயில் காலத்தில் மண் தொடர்ந்து ஈரமாக இருந்தால் வேரழுகல் நோய் பற்றி, எவ்வளவு பெரிய மரமும் சாய்ந்துவிடும். அதனால்தான் தாங்கள் ஆசைப்பட்ட மல்லிகையை அங்கே வைக்கவில்லை. அடிமரத்திலிருந்து 6 அடி தள்ளி, மரத்தின் வேர்களை வெட்டாமல், சிறிய நாற்றாகவே கரன்ட்டை நட்டேன். உதிரும் ஓக் இலைகளைக் கூட்டி அள்ளாமல் மூடாக்காக அப்படியே விட்டிருக்கிறேன்.

தாங்கள் இதைப் பார்க்க வேண்டியது மாசியில். நல்ல நிழலிலும், கிளைக்குக் கிளை இளஞ்சிவப்புப் பூங்கொத்துகள் தொங்கும். கட்டைவிரல் அளவே உள்ள ஹம்மிங்பறவை ஒன்று அந்தரத்தில் நின்றபடியே ஒவ்வொரு பூவிலும் அலகை விட்டுத் தேன் குடிக்கும். முழு வெயிலில் இருந்தால் இன்னும் அதிகமாகப் பூக்குமாம். எனக்கு இதுவே போதும். கோடையில் பழுக்கும் கருநீலப் பழங்களின் மேல் திராட்சையில் இருப்பதுபோல் வெண்பூச்சு படிந்திருக்கும். இம்மண்ணின் பூர்வகுடிகள் உண்டு வந்த பழம் அது. இனிப்பு குறைவு, விதை அதிகம், பெரும்பகுதி பறவைகளுக்கே போய்விடுகிறது. 1820களில் டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதன் விதைகளை இங்கிலாந்துக்கு அனுப்பியபின் அங்கே தோட்டந்தோறும் பரவிய செடி, பிறந்த மண்ணில் பல வீடுகளில் புல்தரைக்கு இடம் கொடுத்து ஒதுங்கி நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நட ஏற்ற காலம் இங்கும் ஐப்பசிதான். முதல் மழைக்கு முன் நட்டால் குளிர்காலம் முழுவதும் வேர் ஓடும். இந்த ஐப்பசியில் வேலியோரம் இன்னும் இரண்டு செடிகள் வைக்கப் போகிறேன். குளிர்காலத்தில் முற்றிய குச்சிகளை வெட்டி வைத்தாலும் எளிதாக வேர் பிடிக்கும் என்கிறார்கள். தாங்கள் செம்பருத்திக் குச்சியை எத்தனை கணு மண்ணுக்குள் போகும்படி நடுவீர்கள், அடியை எப்படிச் சாய்த்து வெட்டுவீர்கள் என்பதை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்