தாள்களை உலர்த்தித் தந்தவர்களுக்கு

நாகர்கோவில் மக்களுக்கும், அந்த மழையிலும் வந்துசேர்ந்த தாவர வகைப்பாட்டியல், பரிணாம ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

மழையில் நனைந்துபோன எங்கள் உலர்செடித் தாள்களில் கடைசிக் கட்டையும் இன்று காலை அவிழ்த்துப் பார்த்துவிட்டோம். எந்தத் தாளிலும் பூஞ்சை இல்லை. இலைகள் நிறம் கெடாமல் இருக்கின்றன. களச்சீட்டுகளில் எழுத்து தெரிகிறது. இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். ஆய்வுக் கூட்டத்துக்கு முந்தைய அந்த இரவில், அடைமழையிலும் வெள்ளத்திலும் நம் ஊருக்கும் எங்கள் கல்லூரித் தாவரவியல் துறைக் கட்டடத்துக்கும் என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

நன்றிக்குரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன். முதலில், கல்லூரியின் பின்சந்தில் தேய்ப்பு வண்டி வைத்திருக்கும் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரறியத் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் மாணவர்கள் கூப்பிடுவதுபோல அக்கா என்றே எழுதுகிறேன்.

இந்தத் துறைக்குப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். ஒரு செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, மரச்சட்டங்களுக்கிடையே வைத்து இறுக்கிக் கட்டுவோம். செடியின் ஈரத்தைத் தாள் இழுத்துக்கொள்ளும். ஈரமேறிய தாளை எடுத்துவிட்டு, உலர்ந்த தாளை வைக்க வேண்டும். முதல் சில நாட்களுக்குத் தினமும் இந்த வேலை உண்டு. தவறினால் இலை கறுத்துவிடும், பூஞ்சை படரும், காம்பிலிருந்து ஒவ்வொன்றாக உதிரும். வெயில் காலத்தில் தாள்களை மொட்டைமாடியில் விரித்துப்போட்டால் போதும். ஐப்பசி அடைமழையில் மின்சாரமும் போய்விட்டால் என்ன செய்வது? உலர்த்தும் மின்னடுப்பு சும்மா நின்றது. எங்களிடமிருந்த ஒவ்வொரு தாளும் சொதசொதவென்று கிடந்தது. அந்த வாரம் பறித்த செடிகள் சட்டத்துக்குள்ளேயே ஊறின. முன்பே உலர்த்திக் கட்டிவைத்திருந்தவையும் நனைந்துவிட்டன.

அவை எங்கள் மாணவர்கள் பல மாதங்களாகச் சேர்த்தவை. ஆரல்வாய்மொழிக் கணவாயின் முட்புதர்கள், மருந்துவாழ்மலை அடிவாரம், மணக்குடிக் கழிமுகத்துக் கண்டல்கள், குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களின் ஓரம், தோவாளை வயல் வரப்புகள் என்று அலைந்து திரிந்து எடுத்தவை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கின்றன. ஒருபக்கம் காற்று வறட்டும் கணவாய், இன்னொரு பக்கம் பேச்சிப்பாறைக்கு மேலே மழைக்காடு, கீழே கடல். இவ்வளவு குறுகிய இடத்தில் இத்தனை வகைச் செடிகள் எப்படி அமைந்தன என்பதைக் கூடிப் பேசத்தான் அத்தனை பேரையும் அழைத்திருந்தோம். பேச்சுக்கு ஆதாரமாக மேசையில் வைக்க வேண்டியவை அந்தத் தாள்கள்தாம்.

மாணவிகள் வராந்தாவில் கயிறு கட்டிச் செய்தித்தாள்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். குடையோடு அந்த வழியாகப் போன அக்கா நின்றார். "மக்களே, எதற்கு இத்தனை பழைய பேப்பரையும் காயப்போடுகிறீர்கள்?" என்று கேட்டார். ஒரு மாணவி சொன்னாள். அக்கா கயிற்றில் கிடந்த ஒரு தாளை விரலால் தொட்டுப்பார்த்தார். "இந்தக் காற்றில் இது காயாது. எல்லாவற்றையும் என் வண்டிக்குக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவருடைய இஸ்திரிப் பெட்டி மின்சாரத்தில் ஓடுவதில்லை. சிரட்டைக்கரியில் சூடாவது. அந்த இரவில் எங்களுக்கு எட்டிய தொலைவில் இருந்த ஒரே சூடு அதுதான். வண்டிக்கு மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கரிக்கங்குகளை ஊதி, ஈரச் செய்தித்தாளை ஒவ்வொன்றாக விரித்துத் தேய்க்கத் தொடங்கினார். சட்டைக்குத் தண்ணீர் தெளித்துத் தேய்த்துப் பழகிய கை. எவ்வளவு அழுத்தினால் ஈரம் ஆவியாகும், எந்த இடத்தில் தாள் கருகும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அச்சு மை பெட்டியின் அடியில் ஒட்டும்போதெல்லாம் வாழையிலைத் துண்டில் ஓட்டித் துடைத்துக்கொண்டார். சூடான தாளை ஒரு மாணவன் வாங்கி ஓடுவான். உள்ளே ஒருத்தி செடியை அந்த இளஞ்சூட்டுத் தாளுக்கு மாற்றுவாள். நனைந்த தாள் திரும்ப வண்டிக்கு வரும். இப்படியே விடிய விடிய நடந்தது.

கரி தீரும் நிலை வந்தது. அடுத்த வீடுகளுக்குச் சொல்லியனுப்பினார். அடுப்படியில் நனையாமல் கிடந்த சிரட்டைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அந்தத் தெருவில் யார் வீட்டிலும் அன்று வெளிச்சம் இல்லை. பலர் வீட்டில் தண்ணீர் ஏறியிருந்தது. அக்காவின் வண்டியடியில் வாடிக்கையாளர்களின் துணி மூட்டைகள் அப்படியே இருந்தன. மழைநாளில் உலர்ந்த சட்டைக்குத் தவிக்கிறவர்களிடம், நாளை வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்த வருமானம் அவருக்குப் போனது போனதுதான். கூலி வாங்க மறுத்துவிட்டார். மிகவும் வற்புறுத்தியபின் கரிக்காசு மட்டும் வாங்கிக்கொண்டார். அதையும் சிரட்டை கொடுத்த வீடுகளுக்குப் பங்கிட்டுவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

நடுச்சாமத்தில் நடந்த ஒரு சிறிய உரையாடலை நான் எழுதிவைக்க வேண்டும். ஒரு கட்டைப் பிரித்தபோது உள்ளே தும்பை இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "சாரே, இது எங்கள் வீட்டு மதிலோரம் நிற்கிற செடியாயிற்றே. இதற்கா இவ்வளவு பாடு?" என்றார். நியாயமான கேள்வி. நான் சொன்னேன்: "தும்பை எங்கும் கிடைக்கும் அக்கா. ஆனால் இந்தத் தும்பை இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னார் கையால் எடுக்கப்பட்டது. நூறு வருடம் கழித்து ஒருவர் வந்து, அந்த இடத்தில் அப்போது எது வளர்ந்தது, எந்த மாதத்தில் பூத்தது, இப்போது இருப்பதும் அதுவும் ஒன்றுதானா என்று கேட்டால், பதில் சொல்ல இந்தத் தாள் மட்டும்தான் இருக்கும்."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு கேட்டார்: "ஊரும் நாளும் எதில் எழுதியிருக்கிறது?" களச்சீட்டைக் காட்டினேன். "அப்படியானால் முதலில் அதையல்லவா காயவைக்க வேண்டும்?"

நாங்கள் எல்லோரும் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சீட்டுகளைத் தனியே எடுக்கச் சொல்லி, ஒரு பழைய வேட்டித் துணிக்கு அடியில் வைத்து, தணிந்த சூட்டில், ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்தார். சீட்டை இழந்த செடி வெறும் சருகு என்று முதலாம் ஆண்டு வகுப்பில் பாடமாகச் சொல்லுவோம். அதை அவர் ஒரே கேள்வியில் கண்டுகொண்டார். இன்றைக்கு ஒரு சீட்டும் அழியாமல் இருப்பதற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

மறுநாள் மண்டபத்தில் நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த மூத்த ஆய்வாளர், அங்கே உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரத் தொகுப்பில் இருக்கும் பழைய தாள்களின் படங்களைக் கொண்டுவந்திருந்தார். 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைவதற்கு முன் சேகரித்தவை. இடம் என்ற பகுதியில் தெற்குத் திருவிதாங்கூர் என்று இருந்தது. அவற்றின் பக்கத்தில் எங்கள் பிள்ளைகளின் தாள்களை வைத்து, கைலென்ஸோடு குனிந்து ஒப்பிட்டார். மருந்துவாழ்மலை அடிவாரத்துச் செடி ஒன்றைப் பற்றி மூவர் மூன்று கருத்துச் சொன்னார்கள். இன்னும் முடிவாகவில்லை. அந்த விவாதம் நடந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தாள் இருந்ததால் நடந்தது.

மரபணுவைக் கொண்டு பரிணாம மரம் வரைகிற இளைஞர்களும் இதையே சொன்னார்கள். 2009இல் நிலத்தாவரங்களுக்கான டிஎன்ஏ பார்கோடாக, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் குறியீடாக, ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு மரபணுப் பகுதிகள் பரிந்துரைக்கப்பட்டன. ஒரு துணுக்கு இலையை ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல்லில் போட்டு உலர்த்தி எடுத்துவந்தால் அதன் மரபணு வரிசையைப் படித்துவிடலாம். ஆனால் அந்த இலை எந்தச் செடியுடையது என்பதற்குச் சான்றாக முழுச் செடியின் தாள் எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும். பின்னாளில் பெயரில் ஐயம் வந்தால் திரும்பிப் பார்க்க வேறு வழி கிடையாது.

1998இல் தொடங்கி 2016 வரை நான்கு முறை பூக்கும் தாவரக் குடும்பங்களின் ஒழுங்கு மரபணுச் சான்றின்படி வெளியிடப்பட்டதைப் பற்றிய உரை இருந்தது அல்லவா? எருக்கு அரளியின் குடும்பத்தில் சேர்ந்துவிட்டதும், தேக்கும் நொச்சியும் துளசியின் குடும்பத்துக்கு வந்ததும் அதில் சொல்லப்பட்டன. அன்று மாலை இதை அக்காவிடம் சொன்னேன். தேக்குக்கு வியந்தார். நொச்சிக்கு வியக்கவில்லை. "வேது பிடிக்க நொச்சியையும் துளசியையும் ஒன்றாகத்தானே போடுகிறோம்" என்றார்.

அந்த இரவு முழுவதும் என் மனத்தில் பெர்லின் இருந்தது. 1943 மார்ச்சில் நடந்த குண்டுவீச்சில் அங்கிருந்த உலர்தாவரத் தொகுப்பின் பெரும்பகுதி எரிந்துபோனது. ஒரு சிற்றினத்துக்குப் பெயர் சூட்டும்போது ஆதாரமாகக் காட்டிய மூலமாதிரிகள் பலவும் அதில் போயின. அவற்றுக்கு ஈடாக வேறு தாள்களைத் தேடித் தேர்வு செய்யும் வேலை இன்றைக்கும் முடியவில்லை. எங்களுடையது சிறிய கல்லூரித் தொகுப்புத்தான். ஆனால் ஒரு வரப்பில் அந்த நாளில் பூத்ததை மறுபடி பறிக்க முடியாது என்ற நிலை இரண்டு இடத்துக்கும் ஒன்றே.

இன்னொன்றும் மனத்தில் ஓடியது. மலையாளக் கரையின் செடிகளைத் தொகுத்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் செடிகளுக்கு இருசொற்பெயர் சூட்டியபோது, பலவற்றுக்கு அதன் படங்களை ஆதாரமாகக் கொண்டார். தொகுப்பித்த டச்சு ஆளுநர் வான் ரீடின் பெயர் அதில் இருக்கிறது. இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் பெயரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரின் பெயர்களும் இருக்கின்றன. மரமேறிக் கிளை ஒடித்தவர்கள், காட்டுக்குள்ளிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர்கள், வாடாமல் காத்தவர்கள் யார் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்களில் எத்தனை பேர் அக்காவைப்போல ஒரு நல்ல கேள்வி கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி மற்றவர்கள். மண்டபச் சாவியை ஒரு வார்த்தை கேட்காமல் கையில் கொடுத்த தேவாலயக் குழுவினர், பாதி வழியில் ரயில் நின்றதும் இரணியல் வரை வந்து விருந்தினர்களை ஏற்றிக்கொண்ட ஆட்டோ ஓட்டுநர்கள், அறை கிடைக்காத ஆய்வாளர்களுக்குத் தங்கள் வீட்டில் பாய் விரித்துக் கொடுத்த பழைய மாணவர்கள், இடுப்பளவு தண்ணீரில் நின்று மின்கம்பியைச் சரிசெய்த ஊழியர்கள், தீயணைப்பு வீரர்கள், மையொற்றுத் தாள்களைப் பிளாஸ்டிக்கில் பொதிந்து இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்ட கோவை நண்பர்கள், ரசவடையும் மட்டிப்பழமுமாகப் பசியாற்றிய சமையற்காரர்கள், தங்கள் கட்டுரையை வாசிக்க நேரமில்லாதபோதும் முகம் சுளிக்காமல் தாள் மாற்ற உட்கார்ந்த வெளியூர்ப் பேராசிரியர்கள். உங்களில் யாரையும் ஒருவருக்குப் பின் ஒருவராக வைக்க எனக்கு மனமில்லை. எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன். எங்கள் மாணவர்களே, உங்களுக்கு நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறோம். இனிமேல் எந்தச் செடிக்கும் ஒரே ஒரு தாளோடு நிற்கமாட்டோம். ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுத்த கூடுதல் படிகளைக் கோயம்புத்தூருக்கும் திருச்சிராப்பள்ளி ராபினட் ஹெர்பேரியத்துக்கும் ஏற்றுக்கொள்ளக் கேட்டு அனுப்புவோம். இங்கே வெள்ளம் வந்தாலும் அங்கே ஒன்று இருக்கும்.

இரண்டாவது, சீட்டைப் பற்றியது. ஹெர்பேரியச் சீட்டில் செடியின் பெயர், இடம், நாள், உயரம், சேகரித்தவர், எண், பெயரை நிர்ணயித்தவர் என்று பகுதிகள் உண்டு. இந்தத் தொகுப்பில் மட்டும் 'உலர்த்தியவர்' என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். அதில் அக்காவின் முழுப்பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "பீரோவுக்குள்தானே இருக்கும்? எழுதிக்கொள்ளுங்கள்" என்று அனுமதி கொடுத்தார்.

தாள்களில் செடிகளை ஒட்டித் தைக்கும் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது. எங்களிடமிருந்த செய்தித்தாள்கள் எல்லாம் இற்றுப்போய்விட்டன. பழைய செய்தித்தாள் வைத்திருப்பவர்கள் கல்லூரி நேரத்தில் துறை அலுவலகத்தில் கொடுக்கலாம். எண்ணெய் படாததாக இருக்கட்டும். வழவழப்பான வாரமலர்த் தாள் வேண்டாம். அது ஈரத்தை இழுக்காது.