சுத்தியலைக் கீழே வையுங்கள், தம்பிமாரே

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ஸ்கூட்டர் நடுவீதியில் நின்றால் "பழசு, அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். உவர்மலையிலிருந்து நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரே வெஸ்பாவில் இறங்கி ஏறுகிறவன் நான். எனக்கு அதில் உடன்பாடில்லை. வயது கெடுத்ததைவிட ரிப்பேர் கெடுத்ததுதான் அதிகம்.

என்னுடையது அறுபதுகளில் வந்த வெஸ்பா 150, அப்பா விட்டுப் போனது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் கொடுத்தார்களே, அந்த 4 லீற்றரில் வீட்டு அலுவல் முழுவதையும் பார்த்தது இதுதான். போன வருடம் நிலாவெளிக்குப் போகையில் சாம்பல்தீவுப் பக்கம் நிற்கத் தொடங்கியது. கால் மணித்தியாலம் நிழலில் விட்டால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். பிறகு இருபது நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும். கராஜில் காபரேற்றரைக் கழுவினார்கள், பிளக்கை மூன்று தடவை மாற்றினார்கள். நின்றபாடில்லை, அதாவது நிற்பது நின்றபாடில்லை!

சூட்டில் சாவதும் ஆறினால் உயிர் வருவதும் பெரும்பாலும் கன்டென்சரின் குணம், இல்லையென்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் கம்பிச் சுருளான கொயில். பொறிக்காக மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் சின்னச் சுவிட்சுதான் பொயின்ட். அது திறக்கும் நேரத்தில் பாயப் பார்க்கும் மின்சாரத்தை உள்வாங்குவது கன்டென்சரின் வேலை. கன்டென்சர் இருக்கும் இடமோ எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் காந்தச் சில்லான மெக்னட் சில்லின் அடியில், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில். அது தளர்ந்தால் பொறி பிளக்கில் விழாமல் பொயின்டிலேயே விழுந்து அதைத் தின்னத் தொடங்கும். இதைப் பார்க்க மீற்றர் ஒன்றும் வேண்டாம். மம்மல் பொழுதில் எஞ்சினை ஓடவிட்டு, மெக்னட் சில்லில் இருக்கிற ஓட்டை வழியாகப் பாருங்கள். பொயின்டில் தடித்த நீலப் பொறி தொடர்ந்து வெடித்தால் கன்டென்சர் போய்விட்டது. என்னுடையதில் வெல்டிங் பட்டறை மாதிரி இருந்தது.

சரி, மாற்றுவோம் என்று கொடுத்தேன். கெட்டது அங்கேதான். இந்த வகை வெஸ்பாவின் மெக்னட் சில்லில் மெல்லிய கிளிப் வளையம் ஒன்று உண்டு. நட்டைக் கழற்றக் கழற்ற, நட்டே அந்த வளையத்தில் முட்டிச் சில்லை இழுத்துக்கொண்டு வந்துவிடும். செய்தவன் கெட்டிக்காரன். ஆனால் முன்பு கழற்றிய யாரோ வளையத்தைத் தொலைத்துவிட்டார்கள். சில்லை இழுத்தெடுக்கும் புல்லர் என்ற கருவியும் கராஜில் இல்லை. வேலை செய்த தம்பி, சில்லு பூட்டியிருக்கும் எஞ்சின் தண்டான கிராங்கின் நுனியில் சுத்தியலால் நாலு போடு போட்டான். "தம்பி, மெல்ல" என்றேன். "ஐயா, இதுக்கெல்லாம் பயந்தால் வேலை நடக்குமோ?" என்றான். சில்லு வந்தது. கன்டென்சரும் மாறியது. அவனைக் குறை சொல்வதா, புல்லர் வாங்கிக் கொடுக்காத முதலாளியைச் சொல்வதா தெரியவில்லை. கராஜின் பெயர் வேண்டாம்.

இரண்டு வாரத்தில் உதைத்தால் திருப்பி உதைக்க ஆரம்பித்தது. திறந்து பார்த்தால், சில்லைக் கிராங்கில் சரியான இடத்தில் நிறுத்துகிற அரைநிலா வடிவக் கீ பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. உண்மையில் சில்லைப் பிடித்து வைத்திருப்பது கீ அல்ல, கிராங்கின் கூம்பு. கூம்பில் பிசிர் இருந்தாலோ நட்டை ஒழுங்காக இறுக்காவிட்டாலோ சில்லு நழுவும், கீ வெட்டுப்படும், பொறி விழும் நேரமான டைமிங் இடம் மாறும். கீயை மாற்றினேன். பொயின்ட் இடைவெளியை 0.4 மில்லிமீற்றரில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் வேறு அளவு. மறுபடி வைத்தேன், மறுபடி மாறியது.

அப்புறம்தான் கிராங்கைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். இரண்டு முனையிலும் தாங்கிச் சுற்றவிட்டு ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்தார்கள். 0.03 மில்லிமீற்றருக்குமேல் ஆடக்கூடாத இடத்தில் முள் 0.15 வரை போய் வந்தது. இந்தக் கிராங் ஒரே துண்டு இரும்பு அல்ல. இரண்டு தட்டுகளையும் நடுப்பின்னையும் அழுத்திப் பொருத்தியது. நுனியில் அடித்தால் பொருத்து அசையும். கிராங் ஆடினால் சில்லும் ஆடும். பொயின்டைத் திறக்கிற கேம் அந்தச் சில்லின் குடத்தில் இருப்பதால் அதுவும் ஆடும். பிறகு இடைவெளி எப்படி நிற்கும்? "இக்னிஷன் பிழை" என்று நான் மாதக்கணக்கில் தேடியது கிராங்கின் கோணலை. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால், பெற்றோல் கலவையை உள்ளே விடும் வாயிலையும் கிராங் தட்டு சுரண்டியிருக்கும். இந்த எஞ்சினில் அந்த வாயிலைத் திறந்து மூடுவது கிராங்கின் தட்டேதான். அது போனால் எஞ்சின் பெட்டியே போன மாதிரி.

இப்போது பொடியன்கள் பழைய ஸ்கூட்டர்களைத் தேடி வாங்கி, பெயின்ற் அடித்து, குரோம் பூசி ஓட்டுகிறார்கள். பார்க்கச் சந்தோஷம். பொயின்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலெக்ட்ரோனிக் இக்னிஷன் போட்டால் தொல்லை தீரும் என்கிறார்கள். கன்டென்சர் தொல்லை தீரும்தான். ஆனால் அதுவும் அதே கிராங்கில், அதே கீயில்தான் உட்கார வேண்டும். பெயின்ற்றுக்குக் கொடுக்கிற காசில் ஒரு புல்லரும் ஒரு கிளிப் வளையமும் வாங்கிவிடலாம். வேலைக்குக் கொடுத்தால் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள். சுத்தியலை எடுத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். நான் வந்திருக்க வேண்டும்.

என் கிராங் இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. அதுவரை சைக்கிள். உவர்மலை ஏற்றத்தில் அதையும் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

இப்படிக்கு,
பழைய வெஸ்பாக்காரன்,
உவர்மலை, திருகோணமலை.